வாழ்கிறவள் என்று ஒரு பெயர்

என் மூத்த மகளுக்கு ஏழு மாதம் முடிந்து சில நாட்களிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கையில் இட்ட மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. அதற்குள் நள்ளிரவில் வலி, ஆட்டோ, ஆஸ்பத்திரி, விடியும்போது குழந்தை! பெண் குழந்தை. எடை 1 கிலோ 450 கிராம். நான் பார்த்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. காலில் ஒரு சீட்டு கட்டியிருந்தார்கள். அதில் குழந்தைக்குப் பெயர் இல்லை. இன்னாருடைய குழந்தை என்று என் மகளின் பெயர்தான் எழுதியிருந்தது.

எங்கள் வீடுகளில் ஏழாம் நாள் பெயர் வைத்து, முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்வது வழக்கம். முடி இறக்குவதைத் தள்ளிப் போடலாம். அந்தப் பூந்தலையில் யார் கத்தி வைப்பார்கள்? ஆனால் பெயரையாவது வைத்து விடலாம் என்று எனக்கு ஆசை. ஐந்தாம் நாள் மாலையில் மகளிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"இப்ப வேணாம் உம்மா."

"ஏன் புள்ளே? பேரு வைக்கிறதுக்கு என்ன நேரங்காலம்?"

"வச்சுட்டு... அப்புறம்..." அவள் முடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டாள்.

என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குப் புரிந்தது. குறைமாதக் குழந்தையைப் பெற்று, அதை மடியில் வைக்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த எந்தத் தாய்க்கும் புரியும். பெயரில்லாத குழந்தை போய்விட்டால் ஒரு துக்கம்; பெயர் சொல்லிக் கூப்பிட்ட குழந்தை போய்விட்டால் அது வேறு துக்கம் என்று அவள் மனசு கணக்குப் போடுகிறது.

நான் நினைத்து வைத்திருந்த பெயர் ஆயிஷா. அது என் பெயர். தன் பெயரையே பேத்திக்கு வைக்கத் துடிக்கிற கிழவி என்று சிரிக்காதீர்கள்! சிறு வயதில் எனக்கு இந்தப் பெயரைக் கண்டாலே பிடிக்காது. எங்கள் வகுப்பில் நான்கு ஆயிஷா. 'உயரமான ஆயிஷா', 'கண்ணாடி போட்ட ஆயிஷா', 'கடைக்காரர் மகள் ஆயிஷா' என்று மற்ற மூவருக்கும் அடையாளம் இருந்தது. நான் வெறும் 'இன்னொரு ஆயிஷா'. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஊரிலே வேறே பேரே கெடைக்கலியா உங்களுக்கு?" என்று உம்மாவிடம் சண்டை போட்டேன். உம்மா அரிசி புடைத்துக் கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"உனக்கு முந்தி ரெண்டு போயிருச்சு. நீ இருக்கணும்னு வச்ச பேரு."

அவ்வளவுதான். மறுபடி முறத்தை எடுத்துக் கொண்டார்.

அந்த இரண்டில் மூத்தது ஒன்பதாம் நாள் போனது என்று பிறகு சின்னம்மா சொன்னார். நன்றாகப் பால் குடித்துக் கொண்டிருந்த குழந்தை திடீரென்று வாயைத் திறக்க முடியாமல் உடம்பை வில்லாக வளைத்ததாம். 'ஜன்னி' என்றார்கள், 'காற்றுச் சேட்டை' என்றார்கள். இன்றைக்கு எந்த நர்ஸும் கேட்ட மாத்திரத்தில் சொல்வாள், அது டெட்டனஸ் என்று. கையில் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்து, மேலே சாம்பலும் சாணமும் அப்பிய காலம் அது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், சுத்தமான பிளேடும், ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகுதான் அது அடங்கியது. பச்சிளங்குழந்தை டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015ஆம் ஆண்டில் அறிவிக்க முடிந்தது. என் உம்மாவுக்கு அந்த அறிவிப்பு அறுபது வருஷம் தாமதம்.

சரி, பெயருக்கு வருகிறேன்.

ஆயிஷா என்றால் 'வாழ்கிறவள்'. அரபி மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைக்கும். இந்தப் பெயரின் வேர் ஐன், யா, ஷீன் என்ற மூன்று எழுத்து. 'ஆஷ' என்றால் வாழ்ந்தான். 'ஐஷ்' என்றால் வாழ்வு. 'ஆயிஷ்' என்றால் வாழ்கிறவன். கடைசியில் பெண்பால் விகுதி சேர்ந்தால் ஆயிஷா. அறிந்தவன் ஆலிம், அறிந்தவள் ஆலிமா. பொறுமையுள்ளவன் ஸாபிர், பொறுமையுள்ளவள் ஸாபிரா என்பது போலத்தான். கவனியுங்கள், 'வாழ்ந்தவள்' இல்லை, 'வாழட்டும்' என்ற வாழ்த்தும் இல்லை. இந்த நிமிஷத்தில் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறவள்!

முதல் எழுத்தான ஐன் தமிழில் இல்லாத ஒலி. தொண்டையின் அடியிலிருந்து அழுத்தி வர வேண்டும். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த மூதாட்டி, அந்த எழுத்துக்காக என்னை எத்தனை நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்! "உம் பேரையே உனக்குச் சரியாச் சொல்லத் தெரியலியே" என்பார். தமிழில் எழுதும்போது அது வெறும் 'ஆ' ஆகிவிடுகிறது. அதனால் ஒன்றும் குறைந்து போகவில்லை. பெயர் போகிற ஊரின் நாக்குக்குத் தக்கபடி மாறத்தான் செய்யும். துருக்கியில் அது 'ஆய்ஷே'. அங்கே ஒருவகைப் பச்சை பீன்ஸுக்கே 'ஆய்ஷே காதின்', அதாவது 'ஆயிஷா அம்மாள்' என்று பெயர்! மேற்கு ஆப்பிரிக்காவில் 'ஆயிஸ்ஸத்து', மாலத்தீவில் 'ஆயிஷத்'. இந்தத் 'து'வும் 'த்'தும் எங்கிருந்து ஒட்டிக்கொண்டன என்று கேட்பீர்கள். அரபியில் அந்தப் பெண்பால் விகுதியைத் தனியே நிறுத்திச் சொன்னால் 'ஆ' என்று முடியும். அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொன்னால் மறைந்திருக்கும் 'த்' வெளியே வரும். நாம் நிறுத்திச் சொன்ன உச்சரிப்பை எடுத்துக் கொண்டோம். அவர்கள் சேர்த்துச் சொன்னதை எடுத்துக் கொண்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே பெயர் தேய்ந்து 'ஆஷா' ஆகிவிட்டது. அந்த ஆஷாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதில் ஒரு கூத்து நடந்தது.

என் வீட்டுக்காரர் குவைத்தில் பல வருஷம் இருந்தவர். முதல் விடுமுறையில் வந்து சாப்பிட உட்கார்ந்ததும், "ஏஷ் கொண்டா" என்றார். விழித்தேன். சோற்றுக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அதே 'ஐஷ்'தான் வாய்ப்பேச்சில் 'ஏஷ்' ஆகிறது. எகிப்திலே போனால் 'ஐஷ்' என்றால் ரொட்டி. பார்த்தீர்களா! வாழ்வுக்கு எது ஆதாரமோ அதற்கே வாழ்வு என்று பெயர். 2011இல் கெய்ரோவில் ஜனங்கள் திரண்டு நின்றபோது, சுதந்திரத்துக்கும் சமூக நீதிக்கும் முன்னால் அவர்கள் முதலில் கேட்டது ஐஷ். துனீசியாவில் நன்றி சொல்வதற்குக்கூட இந்த வேரிலிருந்துதான் ஒரு சொல். 'உன்னை இறைவன் வாழ வைக்கட்டும்' என்று அர்த்தம். நம் பாட்டிமார் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்த பிள்ளையை "நல்லா இரு" என்று வாழ்த்துவார்களே, அது மாதிரி. அன்றிலிருந்து உலை வைக்கும்போதெல்லாம், என் பெயரும் இந்த அரிசியும் ஒரே குடும்பம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

இந்தப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனவர் நபிகள் நாயகத்தின் துணைவி ஆயிஷா அவர்கள். அபூபக்ர் அவர்களின் மகள். நபிமொழிகளில் 2,210 அவர் வழியாக வந்தவை என்று கணக்குச் சொல்வார்கள். பெரிய பெரிய தோழர்கள் எல்லாம் சந்தேகம் வந்தால் அவரிடம் போய்க் கேட்பார்களாம். பாகப்பிரிவினைக் கணக்கும் கவிதையும் வைத்தியமும் அறிந்தவர் என்று அவரைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார்கள். கி.பி. 678இல் மதீனாவில் காலமாகி அங்கேயே அடக்கமானார்.

அவருக்குப் பிள்ளை இல்லை என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அரபு நாட்டில் 'இன்னாரின் தாய்' என்று மூத்த பிள்ளையின் பெயரால் பெண்ணை அழைப்பது கௌரவம். அக்காள் மகன் அப்துல்லாஹ்வின் பெயரைச் சேர்த்து, 'அப்துல்லாஹ்வின் தாய்' என்று இவரை அழைத்தார்கள். நம்பிக்கை கொண்டோர் அனைவரின் தாய் என்ற பட்டமும் அவருக்கு உண்டு. பிள்ளை இல்லையே என்று நாலுபேர் முன்னால் குத்திக் காட்டப்படுகிற எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் வந்து மறுபடி சொல்லச் சொன்னாள்.

அடுப்படிக்காரிகளான நமக்கு அவரிடமிருந்து இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. அதன் பெயர் தல்பீனா. வாற்கோதுமை மாவுக் கஞ்சிதான். பால் போல வெளுப்பாக இருப்பதால் 'லபன்' என்ற பால் சொல்லிலிருந்து அந்தப் பெயர். குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்து, துக்கத்துக்கு வந்த பெண்கள் கலைந்து, வீட்டு மனுஷிகள் மட்டும் எஞ்சியதும், ஆயிஷா அவர்கள் ஒரு சட்டியில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்களாம். நோயாளிக்கும் துக்கப்பட்டவர்களுக்கும் அது மனசை ஆற்றும் என்று நாயகம் சொல்லக் கேட்டதாகச் சொல்லி, குடிக்கச் சொல்வார்களாம். கூட்டம் இருக்கும்போது அழுதுவிடலாம். கூட்டம் போன பிறகுதான் வயிறு காய்ந்து கிடப்பதும், வீடு வெறிச்சோடிக் கிடப்பதும் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கஞ்சி காய்ச்சச் சொன்னாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த ஐந்தாம் நாள் இரவு வீட்டுக்குப் போய் நானும் அதைத்தான் காய்ச்சினேன். இரண்டு மேசைக்கரண்டி பார்லி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கால் மணி நேரம் கிண்டிக் கொண்டே இருக்க வேண்டும். மாவு வெந்து பளபளப்பு வந்ததும் ஒரு டம்ளர் காய்ச்சிய பால். இறக்கி, ஆறினதும் ஒரு கரண்டித் தேன். (தேன் தாய்க்கு மட்டும்! ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுகூடத் தடவக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். பிறந்ததும் தேன் தொட்டு வைக்கிற பழக்கமுள்ள வீடுகள் கவனிக்க வேண்டும்.)

கஞ்சி ஆறுகிற நேரத்தில் உம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். உம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. உள்ளே ஒரு பழைய நோட்டு. உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வராது. ஆனால் அரபுத் தமிழ் நன்றாக எழுதுவார். அரபி எழுத்தில் தமிழை எழுதுகிற அந்த முறையில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு காலத்தில் கடிதம் எழுதினார்கள், வைத்தியக் குறிப்பு எழுதினார்கள், கடன் கணக்கும் எழுதினார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். பால் கணக்குக்கும் சீட்டுக் கணக்குக்கும் நடுவில், பிள்ளைகள் பிறந்த தேதி ஒரு பக்கத்தில் இருந்தது.

மூன்றாவது வரியில் நான், ஆயிஷா. இரண்டாவது வரியில் தேதி மட்டும், பெயரில்லை. மூன்றாம் நாளே போய்விட்ட குழந்தை அது. முதல் வரியைப் பார்த்தேன். அங்கேயும் அதே எழுத்துகள். ஐனில் ஆரம்பிக்கிற அதே பெயர். ஆயிஷா.

அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து விட்டேன். ஒன்பது நாள் இருந்து போன அக்காவின் பெயர்தான் எனக்கும். 'நீ இருக்கணும்னு வச்ச பேரு' என்றாரே உம்மா, அந்தப் பெயர் ஒருமுறை ஏமாற்றிய பெயர்தான். ஏமாற்றியது என்று தெரிந்தும் மறுபடி எடுத்து எனக்கு வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் பிச்சை என்றும் குப்பம்மா என்றும் மண்ணாங்கட்டி என்றும் பெயர் வைப்பார்கள். எமன் கண்ணுக்கு மட்டமாகத் தெரியட்டும் என்று ஒரு தந்திரம். துருக்கியிலும் அப்படிப்பட்ட குழந்தைக்கு, 'நிற்கட்டும்' என்று பொருள்படும் 'துர்சுன்' என்ற பெயரை வைப்பது உண்டு. என் உம்மா எந்தத் தந்திரமும் செய்யவில்லை. வாழ்கிறவள் என்று நேராகவே சொல்லியிருக்கிறார், இரண்டாம் முறையும். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

இதை என் மகளிடம் நான் அன்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய நேரமா அது? பத்திரிகையில் வந்தால் படிப்பாள்; படிக்கட்டும், இப்போது பரவாயில்லை.

மறுநாள் கஞ்சியைக் குடிக்க வைத்துவிட்டு, பெயரின் பொருளை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று, "பேரு வச்சா பொழைச்சிருமா உம்மா?" என்றாள்.

"பொழைக்காது. அதுக்கு டாக்டரம்மா இருக்காங்க, உன் பால் இருக்கு, மேலே அல்லாஹ் இருக்கான். பேரு எதுக்குன்னா, நீ அதைக் கூப்பிடணுமே!"

அவள் பதில் சொல்லவில்லை. ஏழாம் நாளும் பெயரில்லாமலே போயிற்று. மாப்பிள்ளை மட்டும் செல்போனில் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டிக் கொண்டிருந்தார். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை: ஒரே பெயருக்கு ஒரு பட்டியல் 'நிலவு' என்கிறது, இன்னொன்று 'இளவரசி' என்கிறது, மூன்றாவது 'சொர்க்கத்துப் பூ' என்கிறது. காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று எதையாவது வைத்துவிட்டு, பிறகு அப்படி ஒரு சொல்லே அரபியில் கிடையாது என்று தெரிந்து மாற்றினவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். அரபி படித்த ஒருவரிடம், இந்தச் சொல்லின் மூன்றெழுத்து வேர் என்ன என்று கேளுங்கள். வேர் சொல்லத் தெரிந்தவர் சொல்லும் பொருளை நம்பலாம்.

பத்தாம் நாள் டாக்டரம்மா, "இனிமே கங்காரு மாதிரி நெஞ்சிலே வச்சுக்கோம்மா" என்று குழந்தையை வெளியே கொடுத்தார். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் டயபரும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நிமிர்ந்த வாக்கில், தோலோடு தோல் படும்படி வைத்து, மேலே துணியால் சுற்றிக் கட்டுவது. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், போதிய கண்ணாடிப் பெட்டி இல்லாத குறைக்கு 1970களின் கடைசியில் டாக்டர்கள் ஆரம்பித்த வழி. தாயின் சூடே குழந்தைக்குப் பெட்டி. இன்று வசதியுள்ள ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். தாய் களைத்தால் தகப்பனும் வைத்துக்கொள்ளலாம், பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். நானும் என் பங்குக்கு வைத்துக் கொண்டேன். ஒரு ஆழாக்கு அரிசிப் பொட்டலம் நெஞ்சில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

பதினோராம் நாள் நான் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு திரும்பி வருகிறேன். திரைக்குப் பின்னால் மகளின் குரல். யாரோடு பேசுகிறாள் என்று நின்றேன். தொப்பிக்குள் வாயை வைத்து, "ஆயிஷா... ஏ ஆயிஷா..." என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. மறுபடி போய் பிளாஸ்க்கைக் கழுவினேன்.

அந்தக் குரலைக் கேட்ட நர்ஸ் பெண் சந்தோஷமாக வந்து காலில் இருந்த சீட்டை மாற்றினாள். புதுச் சீட்டில் 'ஆஷா' என்று எழுதியிருந்தாள்! "நல்ல பேரும்மா, நம்பிக்கைன்னு அர்த்தம்" என்றாள். வடமொழியில் அதுவும் சரிதான். அதைவிட வேடிக்கை, கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்திருந்தால் அந்தச் சீட்டு அப்படியே சரியாக இருந்திருக்கும். என் மகள் பதினொரு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "மாத்த வேணாம், ரெண்டும் இருக்கட்டும்" என்றாள். சீட்டு ஆஷா, கூப்பிடுவது ஆயிஷா என்று அந்த வார்டில் இன்னும் பதினேழு நாள் இருந்தோம்.

ஆனால் பிறப்புச் சான்றிதழில் அந்த விளையாட்டெல்லாம் கூடாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அதற்குள் பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதிவு செய்துகொள்ளலாம். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை அவகாசம் உண்டு. என் மகள் மாதிரி பயந்துகொண்டிருக்கிற தாய்மாரை, பெயர் சொல்லு சொல்லு என்று யாரும் நெருக்க வேண்டியதில்லை. நானும் நெருக்கியிருக்கக் கூடாதுதான்.

எங்கள் வீட்டில் இப்போது சண்டை இங்கிலீஷ் எழுத்துக்கு. ஒய் போடுவதா, ஐ போடுவதா, நடுவில் ஈ வருமா? என் ரேஷன் கார்டில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் ஒருவிதம், பாங்க் புத்தகத்தில் இன்னொரு விதம். ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஒரே எழுத்தாக முடிவு செய்து, ஒரு காகிதத்தில் எழுதி, அதை உம்மாவின் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்திலே, எழுதிப் பழக்கம் விட்டுப்போன கையால், அரபுத் தமிழில் நான்காவது வரியும் எழுதினேன். நேற்று தடுப்பூசிக்குப் போனபோது எடை 3 கிலோ 200.